தொலைஞ்சுபோன ஒரு மேகசின் சொல்லித் தரும் கணக்கு: பழைய பொருள் வாங்கும் முன் ஸ்பேர் பார்ட்ஸைப் பாருங்க



ஒரு பொருளோட உண்மையான விலை பில்லில் இருக்காது, அதைப் பராமரிக்கிற செலவில்தான் இருக்கும்னு நம்ம சேனலில் அடிக்கடி சொல்றேன். வீடியோவில் பைக், கார், போன் எல்லாத்தையும் வெச்சு இதைப் பார்த்தாச்சு. இன்னைக்கு எடுத்துக்கிட்ட பொருள் கொஞ்சம் விநோதமானது. இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்க ராணுவம் பயிற்சிக்காக வாங்கிய ஒரு துப்பாக்கி, அதுக்கு இன்னைக்கு உதிரி பாகம் தேடுறவங்க படும் பாடு.

"சார், நான் ஐ.டி.யில் வேலை பார்க்கிறேன், எனக்கு எதுக்கு துப்பாக்கி?" துப்பாக்கி வேண்டாம். அந்தக் கணக்கு மட்டும் வேணும். தயாரிப்பு நின்னுபோன ஒரு பொருளை வாங்கினா பணம் எங்கெல்லாம் ஒழுகும் என்பதை இவ்வளவு சுத்தமா காட்டுற உதாரணம் எனக்கு வேற கிடைக்கலை. இதைத் தயாரிச்சது ஒரே கம்பெனி, சில வருஷம்தான், குறிப்பிட்ட எண்ணிக்கைதான். அதுக்கப்புறம் ஒண்ணுகூட புதுசா வரலை. சப்ளை மூடின சந்தை எப்படி நடந்துக்கும்னு பாடம் நடத்தவே செஞ்ச மாதிரி இருக்கு.

முதல்ல, இது என்ன துப்பாக்கி?

என்.சி.சி.யில் இருந்தவங்களுக்கு .22 ரைஃபிள் தெரிஞ்சிருக்கும். பெரிய துப்பாக்கியைக் கையில் கொடுக்கும் முன், சின்னத் தோட்டா போடுற துப்பாக்கியில் குறிபார்க்கச் சொல்லித் தருவாங்க. காரணம் முழுக்க முழுக்க பணமும் வசதியும்தான். .22 தோட்டா மலிவு, சத்தமும் உதைப்பும் குறைவு, கட்டடத்துக்குள்ளேயே சின்ன ரேஞ்ச் வெச்சுப் பயிற்சி கொடுக்கலாம். முக்கியமா, போர்முனைக்குப் போக வேண்டிய பெரிய தோட்டா பயிற்சியில் வீணாகாது.

அமெரிக்கா போரில் இறங்கினதும் லட்சக்கணக்கான புது ஆட்களுக்குச் சுடப் பழக்க வேண்டி வந்தது. அதுக்காக ராணுவம் தனியார் கம்பெனிகள்கிட்ட ஏற்கெனவே இருந்த .22 மாடல்களையே வாங்குச்சு. ரெமிங்டன் 513டி, ஸ்டீவன்ஸ் 416, மாஸ்பெர்க் 44யூஎஸ் எல்லாம் அந்த வரிசை. இதில் மாஸ்பெர்க் 44யூஎஸ்-ஐ நாம எடுத்துக்குவோம். கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் நகரில் 1919-ல் தொடங்கின கம்பெனி அது. போர்க் காலத்தில் 50,000-க்கும் மேல் இந்தத் துப்பாக்கி ராணுவத்துக்குப் போச்சு. 26 அங்குலக் கனமான குழல், கையால் இழுத்துத் தள்ளுற போல்ட், அடியில் மாட்டுற 7 தோட்டா மேகசின், மேலே "யூ.எஸ். பிராப்பர்ட்டி" என்ற முத்திரை.

போர் முடிஞ்சு காலம் போகப் போக இவை மெல்ல மெல்லப் பொதுமக்கள் கைக்கு வந்தன. அமெரிக்காவில் பொதுமக்களுக்குக் குறிசுடும் பயிற்சி கொடுக்க 1903-லிருந்தே ஒரு தேசிய வாரியம் இருந்தது. 1996-ல் அந்த வேலை லாப நோக்கமில்லாத ஒரு கார்ப்பரேஷனுக்கு மாறினது. சி.எம்.பி. என்று சொல்றது அதைத்தான். ராணுவத்தில் மிஞ்சின பழைய துப்பாக்கிகளைத் தகுதியுள்ள குடிமக்களுக்கு அது விற்குது. 44யூஎஸ் போன்ற பயிற்சித் துப்பாக்கிகளும் அந்த வழியில் விற்கப்பட்டிருக்கு.

எந்தப் பாகம் முதல்ல காணாமல் போகும்?

தயாரிப்பு நின்னு 80 வருஷம் ஆன பொருளில் எது கெடும்னு கேட்டா பெரிய பாகம்தான் ஞாபகம் வரும். நிஜத்தில் குழலும் ரிசீவரும் பத்திரமா இருக்கும். காணாமல் போறது சின்னப் பாகங்கள்.

முதல் இடம் மேகசினுக்கு. கழட்டி மாட்டுற எதுவும் தொலையும், அவ்வளவுதான். பல கைகள் மாறின துப்பாக்கியில் அது கூடவே வந்தா அதிர்ஷ்டம். மேகசின் இல்லைன்னா துப்பாக்கி சுடாமப் போகாது. ஒவ்வொரு தோட்டாவா கையால் போட வேண்டியதுதான். ஆனால் விலை விழுந்துடும்.

ரெண்டாவது, பின்பக்கம் இருக்கும் பீப் சைட். சின்னத் துளை வழியா குறிபார்க்கிற அந்தக் கருவியைக் கழட்டிப்போட்டு டெலஸ்கோப் மாட்டினவங்க நிறைய பேர். கழட்டின சைட் டிராயருக்குள் போய், அங்கிருந்து குப்பைக்குப் போயிருக்கும்.

மூணாவது, தேயுற பாகங்கள்: ஃபயரிங் பின், எக்ஸ்ட்ராக்டர், ஸ்பிரிங். .22 தோட்டாவுக்கு விளிம்பில்தான் அடி விழணும். தோட்டா இல்லாமலே சும்மா சும்மா டிரிக்கரை அழுத்தினா, பின் போய் உலோக விளிம்பில் மோதும். பயிற்சிக்கு வந்த புதுப் பையன்கள் கையில் எத்தனை தடவை அப்படி மோதியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இதுக்கு மேல இன்னொரு சிக்கல். 44யூஎஸ் ஒரே வடிவத்தில் வரலை. சின்னச் சின்ன மாற்றங்களோடு ஏ, பி, சி என்று அடுத்தடுத்து வந்தது. ஒண்ணோட பாகம் இன்னொண்ணுக்குச் சேரும்னு கண்ணை மூடிக்கிட்டு வாங்க முடியாது. பாகத்தின் பெயர் ஒண்ணாவே இருக்கும், வடிவம் வேறயா இருக்கும். உங்க லேப்டாப் மாடல் நம்பர் கடைசியில் வரும் ரெண்டு எழுத்தைப் பார்க்காம பேட்டரி வாங்கினா என்ன ஆகுமோ அதே கதை.

பிரபலமானதுக்குப் பாகம் சுலபம், ஏன்?

இங்கேதான் எனக்குப் பிடிச்ச பாடம் வருது. அதே காலத்து எம்1 கராண்ட் துப்பாக்கி ரொம்பப் புகழ் பெற்றது. சேகரிக்கிறவங்க கூட்டமும் அதுக்குத்தான் அதிகம். அப்போ அதுக்குப் பாகம் கிடைக்கிறதுதானே கஷ்டமா இருக்கணும்? நேர் எதிர்.

எம்1 கராண்ட் 1957-ல் தயாரிப்பு நிற்கும் வரைக்கும் மொத்தம் சுமார் 54 லட்சம் செஞ்சாங்க. ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி, வின்செஸ்டர், இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் என்று நாலு இடத்தில் தயாரிப்பு. ஒருத்தர் செஞ்ச பாகம் இன்னொருத்தர் துப்பாக்கியில் உட்காரணும் என்பது ராணுவத்தின் கட்டாயம். முக்கியப் பாகங்களில் வரைபட எண்ணும் தயாரிப்பாளர் குறியும் அச்சடிச்சிருப்பாங்க. பழுதுபார்க்க உதிரி பாகமும் தனியாகவே மலை மாதிரி குவிச்சாங்க. இன்னைக்கும் அந்தக் குவியல்தான் சந்தையில் சுத்துது. இன்னொரு வேடிக்கை: அதில் கழட்டுற மேகசினே கிடையாது. 8 தோட்டா அடங்கின க்ளிப்பை உள்ளே திணிக்கிற ஏற்பாடு. தொலைய வேண்டிய பாகமே அதில் இல்லை!

பயிற்சித் துப்பாக்கியின் நிலைமை வேற. அது ஒரு கம்பெனியின் சொந்த வடிவமைப்பு. எண்ணிக்கை கராண்டோட ஒப்பிட்டா நூத்தில் ஒரு பங்குதான். மாஸ்பெர்க் கம்பெனி இன்னைக்கும் இருக்கு. ஆனால் கம்பெனி உயிரோட இருக்கிறது வேற, அது 80 வருஷம் முந்தைய மாடலுக்குப் பாகம் வெச்சிருக்கிறது வேற.

நிதி மொழியில் சொன்னா இதுதான் லிக்விடிட்டி. நிறைய பேர் கையில் இருக்கும் பொருளுக்கு வாங்குறவர், விற்கிறவர், ரிப்பேர் பண்றவர் எல்லாரும் கிடைப்பாங்க. "அபூர்வம்" என்ற வார்த்தையைக் கேட்டதும் நம்ம ஆளுங்க பர்ஸைத் திறக்கிறாங்க. அபூர்வம் விற்கும்போது இனிக்கும், ரிப்பேர் பண்ணும்போது கசக்கும்.

பாகம் தேடுறவங்களுக்கு இருக்கும் நாலு வழி

ஒண்ணு, பாகம் விற்பதையே தொழிலா வெச்சிருக்கும் நிறுவனங்கள். நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் நம்ரிச் கன் பார்ட்ஸ் 1950-ல் தொடங்கினது. பழைய துப்பாக்கிகளையும் மூடின கம்பெனிகளின் மிச்சச் சரக்கையும் மொத்தமா வாங்கி, பிரிச்சு, பாகம் பாகமா விற்கிறதுதான் அதன் வேலை. இப்படி ஒரு வியாபாரம் தபால் வழியாவே நடக்கக் காரணம் சட்டம். 1968-ல் வந்த அமெரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஒரு ரைஃபிளின் ரிசீவர்தான் "துப்பாக்கி". அதை வாங்கத்தான் உரிமம் பெற்ற டீலர் வேணும். ஸ்க்ரூ, ஸ்பிரிங், மரக்கட்டைக்கு மத்திய சட்டத்தில் அந்தத் தேவை இல்லை. மாநிலங்களின் விதி வேறாக இருக்கலாம்.

ரெண்டு, சொந்தக்காரத் துப்பாக்கி. போருக்குப் பின் அதே கம்பெனி 144 என்ற மாடலைப் பொதுமக்களுக்குப் பல வருஷம் வித்தது. 44 வம்சத்தில் வந்தது என்பதால் சில பாகங்கள் பொருந்தும். ராணுவ முத்திரை இல்லாததால் சேகரிப்பாளர் போட்டியும் குறைவு. பாகத்தை ராணுவ மாடல் பேரில் தேடினா ஒரு விலை, சாதா மாடல் பேரில் தேடினா வேற விலை. விவரம் தெரிஞ்சவங்க எண்ணை வெச்சுத் தேடுவாங்க, பேரை வெச்சு இல்லை.

மூணு, பிரிக்கிறதுக்குன்னே இன்னொரு பழைய துப்பாக்கி வாங்குறது. ஒண்ணைப் பிழைக்க வைக்க இன்னொண்ணை அறுக்கிறது. பார்க்க லாபம் மாதிரி இருக்கும். ரெண்டு உடைஞ்ச பொருளுக்குச் சொந்தக்காரர் ஆகும் ஆபத்தும் இருக்கு.

நாலு, லேத்தில் வெச்சுப் புதுசா செய்றது. ஃபயரிங் பின் மாதிரி எளிய பாகத்தை ஒரு நல்ல கன்ஸ்மித் செஞ்சுடுவார். இரும்பின் விலை சொற்பம். பில் முழுக்க அவர் நேரத்துக்குத்தான்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை. நம்ம நாட்டில் ஆயுதச் சட்டம் 1959 துப்பாக்கியின் பாகத்தையும் ஆயுதம் என்ற விளக்கத்துக்குள்தான் வெச்சிருக்கு. "ஒரு ஸ்பிரிங்தானே, ஆன்லைனில் வரவழைச்சுப் பார்க்கலாம்" என்ற எண்ணமே வேண்டாம்.

இப்போ கணக்குக்கு வருவோம்

கீழே இருக்கும் விலைகள் கணக்கு புரியறதுக்காக நான் போட்டுக்கிட்டவை. சந்தை விலை இல்லை.

மேகசினும் பின் சைட்டும் இல்லாத ஒரு துப்பாக்கி 300 டாலருக்கு வருதுன்னு வெச்சுக்கோங்க. எல்லாம் முழுசா இருக்கும் இன்னொண்ணு 550 டாலர். "250 டாலர் மிச்சம்!" என்று மனசு துள்ளும்.

- துப்பாக்கி: 300
- மேகசின்: 60
- பின் சைட்: 150
- கன்ஸ்மித் கூலி: 80
- தபால் செலவு: 30
- மொத்தம்: 620

மிச்சம் பிடிச்சதா நினைச்ச 250-க்கு எதிரா 320 செலவு. 70 டாலர் நஷ்டம். தேடி அலைஞ்ச ஆறு மாசத்துக்கு விலையே போடலை. அந்த 620 செலவழிச்சும் கையில் இருக்கிறது 550 மதிப்புள்ள பொருள்தான். செலவு பண்ணினது மதிப்பாகாது. இந்த வரியை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கோங்க.

அப்போ குறையுள்ள பொருளுக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம்? பின்னாலிருந்து கணக்குப் போடணும்.

முழுசா இருப்பதன் விலை 550. அதில் பாகங்களுக்கு 210, கூலியும் தபாலும் 110 கழிங்க. மீதி 230. இன்னும் முடியலை. தப்பான பாகம் வரலாம், பிரிச்சப்புறம் வேற பழுது தெரியலாம். அந்த 320 செலவில் 20 சதவீதம், அதாவது சுமார் 65, பாதுகாப்புக்கு ஒதுக்குங்க. கடைசியா வர்றது 165. விற்கிறவர் கேட்கிறது 300. ரெண்டுக்கும் நடுவில் இருக்கிறதுதான் நம்ம ஆசைக்கு நாம கட்டுற விலை.

ஆசைக்கு விலை கட்டுறது தப்பில்லை. அது 135 டாலர்னு தெரிஞ்சு கட்டணும். அதை "முதலீடு"ன்னு பேர் மாத்திக் கட்டக் கூடாது.

பிரிச்சு விற்கிறவர் மட்டும் பணக்காரரா?

"அப்போ நானே வாங்கி, பிரிச்சு வித்தா?" அதையும் போட்டுப் பார்ப்போம். அதே 300 டாலர் துப்பாக்கி. கட்டை 90, குழல் 80, போல்ட் 110, சில்லறைப் பாகங்கள் 70. மொத்தம் 350. லாபம் 50.

போல்ட் நாளைக்கே போகலாம். குழலுக்கு ஆள் வர ரெண்டு வருஷம் ஆகலாம். பணம் மொத்தமும் ரெண்டு வருஷக் கடைசியில்தான் கைக்கு வருதுன்னு எடுத்துக்கிட்டா, வருஷத்துக்குக் கூட்டு வட்டியில் சுமார் 8 சதவீதம். பிரிச்ச நேரம், பேக்கிங், வீட்டில் அடைச்ச இடம் எதையும் கழிக்காமல். இந்தத் தொழிலில் ஜெயிக்கிறவங்க ஒரு துப்பாக்கியைப் பிரிக்கிறதில்லை. ஆயிரக்கணக்கில் வாங்கி, கிடங்கில் போட்டு, பல வருஷம் காத்திருக்கத் தெம்பு இருக்கிறவங்க அவங்க. நாம அவங்க கஸ்டமர்.

ஓடணுமா, ஒரிஜினலா இருக்கணுமா?

பழைய பொருள் வாங்கும் எல்லாரும் முதல் நாளே பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. சுட்டுப் பழக வாங்குறவருக்குப் புதுசா வார்த்த மேகசின் போதும். சேகரிக்கிறவருக்கு அந்தக் காலத்து மேகசின்தான் வேணும், விலை எகிறினாலும்.

ரெண்டையும் குழப்பிக்கிட்டவங்க ரெண்டு பக்கமும் நஷ்டப்படுறாங்க. டெலஸ்கோப் மாட்ட ரிசீவரில் புதுசா ஓட்டை போட்டா சுடுறதுக்கு வசதி. சேகரிப்பு மதிப்பு அந்த நிமிஷமே சரியும். துருவை எடுத்து, கட்டையை இழைச்சு, பளபளன்னு பாலிஷ் போட்டாலும் அதே கதி. பழைய பூச்சும் முத்திரையும்தான் அதன் ஆவணம். அழிச்சுட்டு "புதுசு மாதிரி இருக்கு"ன்னு சொன்னா, வாங்குறவர் புதுசையே வாங்கிக்குவார்.

நம்ம சம்பளத்துக்கு இதில் என்ன இருக்கு?

பழைய ஆர்எக்ஸ் 100, ஃபிலிம் கேமரா, மெக்கானிக்கல் வாட்ச், ரெண்டாம் கை லேப்டாப், இந்தியாவை விட்டே போயிட்ட கம்பெனியின் கார். உங்க ஆசை எதுவா இருந்தாலும், பணத்தை எடுக்கும் முன் இந்த அஞ்சு கேள்வி.

1. எத்தனை செஞ்சாங்க, எத்தனை வருஷம் செஞ்சாங்க? எண்ணிக்கைதான் நாளைய ஸ்பேர் பார்ட்ஸ்.

2. எது முதல்ல கெடும் அல்லது தொலையும்? அந்த மூணு பாகத்தின் விலையைப் பொருளை வாங்கும் முன்னாடியே விசாரிங்க. கிடைக்கலைன்னா அந்தப் பொருளின் விலை என்னவா இருந்தாலும் அதிகம்தான்.

3. இதோட சொந்தக்கார மாடல் எது? பாகம் பொருந்துமான்னு பாக எண்ணை வெச்சு உறுதி பண்ணுங்க. கடைக்காரர் "செட் ஆகும் தம்பி"ன்னு சொன்னா, செட் ஆகலைன்னா திருப்பி எடுத்துக்குவாரான்னு கேளுங்க.

4. ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச ஆள் இருக்காரா? அவர் வயசு என்ன? சிரிக்காதீங்க. ஒரு பழைய எஞ்சினுக்கு ஊரில் ஒரே மெக்கானிக்தான், அவருக்கு வயசு 68 என்றால், அதுவும் ஒரு ரிஸ்க்.

5. இந்தப் பணம் எங்கிருந்து வருது? பெர்சனல் லோனிலோ கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.யிலோ வாங்கினா, ஓடாத பொருளுக்கும் மாசா மாசம் கட்டணும். எமர்ஜென்சி ஃபண்ட் தனியா இருக்கட்டும். வாங்குற விலையில் குறைஞ்சது மூணில் ஒரு பங்கை ரிப்பேர் ஃபண்டா அதே நாளில் ஒதுக்க முடிஞ்சா மட்டும் வாங்குங்க.

புதுப் பொருளுக்கும் இது பொருந்தும். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ரைட் டு ரிப்பேர் என்ற இணையதளத்தைத் தொடங்கினது. போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம், விவசாயக் கருவி ஆகிய நாலு துறைகளில் கம்பெனிகள் ரிப்பேர், உதிரி பாகம் பற்றிய விவரத்தை ஒரே இடத்தில் தரணும் என்பது நோக்கம். அடுத்த போன் வாங்கும் முன் கேமரா மெகாபிக்சலோடு டிஸ்ப்ளே மாத்துற விலையையும் ஒரு தடவை பாருங்க.

ஆடிட்டரா ஒரு வார்த்தை: வரி

சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த பைக்கையோ கேமராவையோ லாபத்துக்கு வித்தா, பொதுவா மூலதன ஆதாய வரி வராது. அது பர்சனல் எஃபெக்ட்ஸ். அதே காரணத்தால் நஷ்டமானாலும் கணக்கில் காட்டிக் கழிக்க முடியாது. நகை, ஓவியம், சிற்பம், தொல்பொருள் சேகரிப்பு போன்றவைக்கு இந்த விலக்கு கிடையாது.

உபயோகிக்கவே இல்லை, விலை ஏறும்னு வாங்கி வெச்சேன் என்றால் அது மூலதனச் சொத்து. 24 மாசத்துக்கு மேல் வெச்சிருந்து 2024 ஜூலை 23 அல்லது அதுக்குப் பிறகு வித்தா 12.5 சதவீதம், இண்டெக்சேஷன் இல்லாமல். அதுக்குள்ளே வித்தா உங்க ஸ்லாப் விகிதம். மாசம் ரெண்டு வாங்கி ரெண்டு விக்கிறீங்கன்னா அதுக்குப் பேர் ஹாபி இல்லை, பிசினஸ். சம்பளத்தோட சேர்த்து வியாபார வருமானமா காட்டணும். வாங்கின பில், பாகங்களின் பில் ரெண்டையும் பத்திரமா வெச்சுக்கோங்க.

44யூஎஸ் வாங்கின அனுபவசாலிகள் விற்பனைப் படத்தைப் பெரிசு பண்ணி முதல்ல பார்க்கிறது குழலை இல்லை. அடியில் மேகசின் இருக்கா, பின்னாடி சைட் இருக்கா, அவ்வளவுதான். நீங்க அடுத்து ஆசைப்படுற பொருளுக்கு அந்த ரெண்டு இடம் எதுன்னு ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்க. எழுதத் தெரியலைன்னா, அந்தப் பொருளை வாங்குற நேரம் இன்னும் வரலைன்னு அர்த்தம். அதுவரைக்கும் அந்தப் பணம் லிக்விட் ஃபண்டில் சமத்தா இருக்கட்டும்.